எதிர்த்திசையில் நகர்ந்த கோடு

பிப்ரவரி. ஹெல்டர்மா துறையிலிருந்து
கடைசிப் படகும் போய்விட்டது.
கடல் பாதி உறைந்து
மீதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது.
எண்ட்லா ரிசீவரைப் போட்டாள்.

ஏழு மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே
மெலிசாக ஒற்றைக் கோடு.
பெயர் சொல்லாது, மோர்ஸ் தட்டாது,
மூன்று வாரமாக ஒரு இரவும் விடுப்பு எடுத்ததில்லை.
பதிவேட்டில் முதலில் 'ஏதோ' என்று எழுதினாள்,
அப்புறம் 'யாரோ',
அப்புறம் வெறும் 'அவன்'.

தீவின் அந்தக் கோடியில் உர்மாஸும்
இதே சர்க்யூட்டைக் கட்டியிருந்தான்.
"எனக்கும் கேட்கிறது,
உன்னுடையதற்கு நாற்பது ஹெர்ட்ஸ் தள்ளி" என்றான்.
இரண்டு சாட்சி. இன்னும் என்ன வேண்டும்?

டயலை மேலே திருப்பினால்
நிலையங்களெல்லாம் திரையில் இடப்பக்கம் ஒதுங்கும்,
பேருந்து ஜன்னலில் மரங்கள் பின்னால் போவதுபோல.
அந்தக் கோடு மட்டும்
வலப்பக்கம் ஓடியது.

அன்றுதான் மூடியைக் கழற்றினாள்.
உள்ளே இரண்டு துடிப்புகள்:
வானத்தைக் கீழே இறக்கித் தரும் அலையியற்றி;
இறங்கியதை
நொடிக்குத் தொண்ணூற்றாறாயிரம் முறை
கண்ணைத் திறந்து பார்த்து
இடைப்பட்ட இருட்டையும்
தெரிந்ததுபோலவே சொல்லும் மாதிரிக் கடிகாரம்.
ஒரே பெட்டிக்குள் குடித்தனம்,
ஒன்றுக்கொன்று அறிமுகமில்லை.

சூப்பை ஆற்றுவதுபோல்
கடிகாரத்தின் படிகத்தில் ஊதினாள்.
கோடு துள்ளி விலகியது.

அவன் இங்கேதான் இருந்திருக்கிறான்,
மூச்சு எட்டும் தூரத்தில்.

உர்மாஸின் படிகமும் அதே சுருளில் வெட்டியது.
தபால் செலவை மிச்சம் பிடிக்கச் சேர்த்து வாங்கியவை.
ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்
ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லியிருக்கின்றன.

செயற்கைக்கோள் நேரத்தோடு பூட்டிய
பத்து மெகாஹெர்ட்ஸ் ஒன்றிலிருந்து
இரண்டுக்கும் கம்பி இழுத்தாள்.
இனி நடந்தால் சேர்ந்தே நட.

கோடு மறையவில்லை.
எஸ்டோனிய மொழியில் உள்ள வசவெல்லாம் தீர்ந்தபின்
கவனித்தாள்: நின்றுவிட்டது.
கதவைத் திறந்து மைனஸ் பதினொன்றை உள்ளே விட்டாள்.
அசையவில்லை.
எங்கே விழும் என்று
காகிதத்திலேயே கணக்குப் போடலாம், ஒரு தசமமும் பிசகாமல்.
இடம் தெரிந்த பொய்யைக்
கழித்துவிடலாம்.

கழித்தாள்.
அடியில் எந்த நிலையமும் இல்லை,
பின்னிரவின் இரைச்சல், அவ்வளவுதான்.
பதிவேட்டை அடித்துத் திருத்தக் கையெடுத்தவள்
அந்த நாற்பதில் நின்றாள்.

ஒரே சுருள், ஒரே சர்க்யூட்.
பிறகு நாற்பது ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது?
படிகம் குளிரை மறைக்கத் தெரியாதது.
அவன் வீடு
இவள் வீட்டைவிடச் சில்லிட்டிருக்கிறது.
விறகு தீர்ந்திருக்கும். சொல்லியிருக்க மாட்டான்.

மூன்று வாரப் பொய்யில்
அது ஒன்றை மட்டும் அடிக்காமல் விட்டு,
விடிந்ததும்
வண்டியில் நான்கு கட்டு பிர்ச் விறகை ஏற்றினாள்.