செல்லாச் சீட்டு

சுய்யாக் அரசுப் பள்ளி, ஆறாம் வகுப்பு அறை.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கணக்கு அழியாமல் இருந்தது.
அதன் மேலேயே ஒட்டினார்கள்:
ஒரே ஒரு பெயருக்கு எதிரே ஒரே ஒரு குறி.
மூன்று குறி போட்டே பழகிய ஊர் இது.
ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர்;
இருவர் இருக்கிறார்கள், ஒருவர் மே மாதம் போய்விட்டார்.

போனவர் பெயர் இன்னும் பட்டியலில்,
பக்கம் ஒன்பது, வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு:
ஆந்தியப்பென், சதாசிவென்.
எந்தக் காலத்துக் குமாஸ்தாவோ
காதில் விழுந்தபடி எழுதிய ஆண்டியப்பன்.
அடித்துவிடட்டுமா என்றேன்.
கூடாது, என்றார் சாவடித் தலைவர்,
அடுத்த திருத்தம் வரை அவரும் வாக்காளர்.
நாள் முழுக்க அவருக்கு மேலும் கீழும்
அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

நானூற்றுப் பதினொன்று அவர் மனைவி.
பதினொரு மணிக்கு வந்தார், யார் முகமும் பார்க்காமல்.
தடுப்புக்குள் நெடுநேரம் நின்றார்.
வெளியே வந்து, பேனா எழுதவில்லை என்றார்.
பிறகு நான் போய்ப் பார்த்தேன்.
எழுதியது.

எந்தச் சாவுக்கும் வருகிறவர் சதாசிவம்.
கரும்பு வெட்டுகிறவன் வீடோ, கடை முதலாளி வீடோ,
காரின் பின்னால் மடக்கு நாற்காலி இரண்டோடு வந்து
அடுப்படி வரை போய்த் தேநீர் கேட்பார்.
கல்யாணங்களுக்கு ஆள் அனுப்புவதோடு சரி.
"செத்தவர் ஓட்டுப் போட மாட்டார்,
அவர் வீட்டில் ஏழு ஓட்டு" என்று
அவரே சொல்லிச் சிரித்ததுண்டு.

அவர் சாவுக்கு வந்த கூட்டத்தை
மூன்று வேட்பாளர்களும் மனசுக்குள் எண்ணினார்கள்:
அக்கா மகன் விஸ்வா,
கியூர்பிப் வக்கீலம்மா,
நங்கூரம் சின்னத்தில் மீனவர் எவரிஸ்த்.
பால் தெளிக்கும்போதே போஸ்டருக்குப் பசை காய்ச்சினார்கள்
என்று வானொலியில் யாரோ பேசினார்.
அது பொய். மூன்று வாரம் பொறுத்தார்கள்.

மறுநாள் எண்ணிக்கை.
செல்லாதவை தனிக் கட்டு.
மூன்று குறி போட்டவை முப்பத்தெட்டு,
பழக்க தோஷம், அல்லது
யாரையும் வருத்தப்படுத்தத் தெரியாத மனசு.
வெறுமையாய் வந்தவை பன்னிரண்டு.
அதில் ஒன்று யாருடையது என்று நான் நினைக்கவில்லை.
நினைத்தேன்.

பிறகு ஒன்று.
கட்டங்களை விட்டுவிட்டு, அடியில், தமிழ் எழுத்தில்.
மேசையில் எல்லாக் கையும் நின்றது.
விஸ்வாவின் ஏஜெண்ட்டுக்குக் கண் கலங்கியது:
"அவர் பேரைத்தான் எழுதியிருக்காங்க,
நீங்க படிங்க, மிஸ்."
கோயில் பின்கூடத்தில் மாலை வகுப்பு எடுப்பவள் நான்,
பதினாறு பேருக்கு.

படித்தேன்.
தன்னீர் இன்னும் வரவில்லை.

கிரியோலில் சொன்னபோது ஒருவர் சிரித்தார்.
நங்கூரத்தின் ஆள் மட்டும், எந்தத் தெரு என்று கேட்டார்.
அதிகாரி முத்திரையை ஊதி அழுத்தினார்.

எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும்.
மூன்று சுழிக்கு இரண்டு சுழி போடும் கை
என் வகுப்பில் ஒன்றுதான்.
பிப்ரவரியிலிருந்து ஆறு தடவை திருத்தியாயிற்று.
தன் நீர் என்று ஆகிவிடும், பாருங்கள்,
என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.
ரகசியம் காப்பேன் என்று சத்தியம் செய்த வாய்
மூடியே இருந்தது.

விஸ்வா ஜெயித்தார், அறுநூற்றுச் சொச்சம்.
கடல் பக்கம் வெடி வெடித்தார்கள்.
கட்டுகளுக்கு ரப்பர் போடுகையில்
கைப்பைக்குள் என் சிவப்புப் பேனா நினைவு வந்தது.
ஒரு சுழி. ஒரே ஒரு சுழிதான்.
பெட்டிக்கு அரக்கு வைத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில்
எல்லோரையும் பத்துத் தடவை எழுதச் சொன்னேன்:
தண்ணீர்.
ஜன்னலோர நோட்டில் பத்தும் சரி.
அதன் கீழே, கேட்காமலே,
இன்னும் வரவில்லை என்று இருந்தது.
பிழை இல்லை.
எதிரே ஒரு குறி போட்டேன்.