அரைப்பேர்

பத்தாம் நம்பர் மலையை
ஆறு தரம் கவ்வாத்து வெட்டக் கண்டவள் நான்.
வயசைக் கேட்டால் அப்படித்தான் சொல்ல வரும்.
முதல் கவ்வாத்தில் கலியாணம்.
இரண்டாவதில் மூத்தவன்.
மூன்றாவது வெட்டி, மிலாறு காயும் முன்னே
அவன் அப்பன் கொழும்புக்குப் போனான்,
போனவன் போனவன்தான்.
நாலாவதில் என்ன நடந்தது?
யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.
முழுசாக ஐந்து வருசம்
கொழுந்தோடு கொழுந்தாக
நிறுவைக்குப் போய்விட்டிருக்கிறது.

மலைக்குக் கீழே தண்டவாளம்.
வளைவில் ரயில் கூவினால்
நிமிராமலே நேரம் தெரியும் எங்களுக்கு.
கதவில் தொங்குகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள்
கையாட்டுவார்கள்.
ஜெயகௌரி மட்டும் திருப்பி ஆட்டுவாள்.
நான் இரண்டு கையாலும் எடுக்கிறவள்,
ஆட்டுவதற்கு மூன்றாவது கை வேணும்.

போன செவ்வாய்க்கிழமை
பகல் நிறுவைக்கு எட்டுக் கிலோ.
கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"அரைப்பேர் போடுங்க ஐயா."
"காய்ச்சலா?"
"இல்ல."
"யாரும் செத்துட்டாங்களா?"
"இல்ல."
வேறு காரணத்துக்கு
அவர் புத்தகத்தில் கட்டமில்லை.
சும்மா, என்றேன்.
அந்தச் சொல் என் வாயில்
புதுப் பல் மாதிரி இருந்தது.
எழுதிக்கொண்டார்.
தவமணியைப் பாதியாக வெட்டினால்
தவம் தோட்டத்துக்கு,
மணி எனக்கு.

படங்கை அவிழ்த்து லயத்துக் கொடியில் எறிந்துவிட்டு
தீவாளிச் சேலையைக் கட்டிக்கொண்டு
தலவாக்கலை ஸ்டேஷனில் போய் நின்றேன்.
நானுஓயாவுக்கு ஒன்று, மூன்றாம் வகுப்பு.
"போய் வரவா?"
"போக மட்டும்."

ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த
கடலை விற்கிற பையன்
கூடையோடு நகர்ந்து இடம் தந்தான்.
வட்டகொடை கழிந்தது.
சவுக்கு மரங்கள் நடக்கத் தொடங்கின.
வளைவில் ரயில் கூவியது.
உள்ளே இருந்து கேட்டால் அது வேறு சத்தம்.

அப்போது வந்தது பத்தாம் நம்பர் மலை.
நான் வழுக்கி விழுந்த கான்,
பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடின குறுக்கு,
இடி விழுந்த அன்று நாங்கள் ஏழு பேர்
ஒருத்தி மேல் ஒருத்தி ஒதுங்கின கல்,
எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.
ஒரே பச்சை.
ஒரு கொட்டாவி விடும் நேரம்.
அந்தக் கொட்டாவியும் முடியவில்லை,
சுரங்கம் வந்து விழுங்கிவிட்டது.

முப்பது வருசம்
ஒரு ஜன்னல் அகலம்.

இருட்டில் அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது சிரிப்பு.
"என்னம்மா?" என்றான் பையன்.
"என் மலை போச்சுடா."
"திரும்பும்போது வரும்தானே" என்றான்.
நான் திரும்புவது பஸ்ஸில்
என்று அவனுக்குச் சொல்லவில்லை.

நானுஓயாவில் டிக்கட்டை வாங்கிக்கொண்டார்கள்.
கையில் மிச்சம் ஒன்றுமில்லை.
எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீ,
உட்கார்ந்து குடித்தேன்.
வாயைச் சுடுகிற அவசரத்திலும் இல்லை,
மறந்துபோய் ஆறின பிறகும் இல்லை,
குடிக்க வேண்டிய சூட்டில்.
நாற்பத்தொன்பது வயசில்தான் தெரிகிறது
அப்படி ஒரு சூடு இருப்பது.
கொஞ்ச நேரம்தான் இருக்கிறது அது.
கொஞ்ச நேரம் இருந்தது.

சாயங்காலம் பீலியில்
ஜெயகௌரி குடத்தை இறக்கிவிட்டுச் சொன்னாள்:
"இன்னைக்கு ரயில்ல ஒருத்தி,
நம்ம ஆள் மாதிரிதான்,
ரெண்டு கையையும் வெளியே போட்டு
ஆட்டிக்கிட்டே போறா. பைத்தியம்போல."
"நீ ஆட்டினியா?"
"ஆட்டாம?"

குடம் நிறைந்து வழிந்தது.
இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஏழாவது கவ்வாத்து ஆனியில் என்று பேச்சு.
அதற்கு முன்னே என்ன நடந்தது என்று
யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.
கேட்டால்,
ஒரு செவ்வாய்க்கிழமை.