பதின்மூன்று பார்

பம்பை விட்டுக் கிளம்பும்போது நூற்றுத் தொண்ணூறு.
சுற்றி வந்து சல்லடையில் விழும்போது ஒன்றுமில்லை.
நடுவில் எங்கே போயிற்று என்று எழுதுவது
இந்த மங்கிஸ்தாவ் பொட்டலில் எனக்குச் சம்பளம்.

மேடைக் குழாய்களின் வளைவுகளில் ஆறு.
மூவாயிரத்து இருநூறு மீட்டர் இறங்கும்
இரும்புத் தொண்டையில் அறுபத்திரண்டு.
அடியில் தடித்த குழாய்களும் மோட்டாரும்
பிடுங்கிக்கொள்வது முப்பத்தைந்து.
துளைமுனையின் மூன்று கண்களில்
(என் சுண்டுவிரல்கூட நுழையாது)
எழுபத்து நான்கு. கல்லின் முகத்தில்
சேறு அறைகிற இடம் அது.
மீதி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே,
நொறுங்கியதையெல்லாம் தூக்கிக்கொண்டு
உரசி உரசி மேலே வரும் வழியில்
பதின்மூன்று.

அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
அக்தாவு அலுவலகத்து எசென்பெக்
எழுபத்து நான்கைப் பாராட்டுவார்,
அறுபத்திரண்டுக்கு என்னை ஏசுவார்.
பதின்மூன்று அவர் வாயில் வந்ததில்லை.

எங்கள் கசாக்கில் இதற்கு ஷிகின் என்று பேர்.
கல்யாணச் செலவும் ஷிகின்தான்.
பனி இறுகிய வருஷம்
மந்தை மடிந்தாலும் அதே சொல்.

பிப்ரவரி. மூன்றாம் ஜாமம்.
அடுத்த குழாயைப் பூட்ட
ஒராஸ்பாய் பம்பை நிறுத்தினான்.
ஊசி சரிந்து படுத்தது.
பம்ப் நின்றால் சேறும் நிற்க வேண்டும்.
நிற்கவில்லை.
வெளிவாயில் விரல் கனத்துக்கு ஓர் ஒழுக்கு,
பிறகு மணிக்கட்டுக் கனத்துக்கு.

கணக்கு எளியது. போடாமல் விட்டவள் நான்.
அசையாத சேற்றின் பாரம் நானூற்றுப் பதினான்கு.
பாறைக்குள் காத்திருந்த வாயு நானூற்று இருபது.
ஓடிக்கொண்டிருந்த வரைக்கும்
அந்த உரசல்தான்
கதவுக்குத் தோள் கொடுத்து நின்றிருக்கிறது.
அதைத்தான் நான் நாள் தவறாமல்
இழப்பு என்ற கட்டத்தில் எழுதி
கையெழுத்தும் போட்டு வந்தேன்.

ஒராஸ்பாய் என்னைக் கேட்கவில்லை.
லீவரைத் தள்ளினான்.
தரைக்கடியில் இரும்புத் தாடைகள் கவ்வியது
காதுக்கு முன்னால் முழங்காலுக்குத் தெரிந்தது.

அப்புறம் மூட்டை, மூட்டை, மூட்டை.
பேரைட் மாவு இமைமயிரில் உறைந்தது.
உச்சித் தட்டிலிருந்து இறங்கி வந்த நூர்தாய்
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
கத்தி கிடைக்காமல் ஆணியால் கிழித்தான்.
வேலிக்கு வெளியே ஒட்டகங்கள்
எங்களுக்கு முதுகு காட்டி நின்றன.

வாயுவை மெல்ல மெல்ல வெளியே விட்டு
எரித்துத் தீர்க்க நண்பகல் ஆயிற்று.
இப்போது சேறு சும்மா நின்றாலும்
நானூற்று முப்பத்து மூன்று.
திரும்ப ஓட்டியபோது உரசல் பதினான்கு.
முதல் தடவையாக அந்த எண்ணை
அழுத்தி எழுதினேன்.

அழுத்த ஷிகின், பதினான்கு.
மூன்று வரி கீழே இன்னொரு கட்டம்:
ஆள் ஷிகின்.
பேனா அங்கே நின்றுவிட்டது.
மேலே எழுதிய சொல்லேதான் இதுவும்.

ஒராஸ்பாய் பால் விட்ட தேநீரைக் கொண்டுவந்து
படிவத்தின் மேலேயே வைத்தான்.
"முதலில் குடி. நடுங்குகிறாய்."

கோப்பையை எடுத்தபோது
கட்டத்துக்குள் ஒரு ஈர வட்டம்.
பூஜ்யம் போலத்தான் இருந்தது.
காயவிட்டு, அப்படியே அனுப்பினேன்.