முப்பதாயிரம் லிட்டர்

அதிகாலை மூன்றரை மணிக்கு
போல்ஸ்வார்ட் சாலையில் என் லாரி மட்டும்.
பின்னால் முப்பதாயிரம் லிட்டர் பால்.
வளைவுகளில் ஒரு பக்கம் சாய்ந்து
பிறகு தன்னைத்தானே நிதானித்துக்கொள்ளும்.
பத்தொன்பது வருடம்.
அதன் எடை என் முதுகுக்குத் தெரியும்.

வீட்டில் இப்போது ஒரு லிட்டர் கூட இல்லை.

ஒரே நாளில் நடந்ததல்ல.
யெட்ஸ்கே இறைச்சியை நிறுத்தியபோது
அவளுக்குப் பதினைந்து வயது.
'சரி, உருளைக்கிழங்கு அதிகம் வைத்துக்கொள்' என்றேன்.
திங்கட்கிழமைகளில் மட்டும் என்று
எங்களுக்கும் தொடங்கியது,
கேட்காமலே வியாழன் வரை வந்துவிட்டது.
ஃபோக்யே பட்டாணி சூப்பில்
தொத்திறைச்சி போடாமல் விட்ட குளிர்காலம்,
என் தம்பி ரின்ஸ்
கரண்டியைக் கிண்ணத்தின் அடிவரை விட்டுத் துழாவினான்,
ஏரியில் சாவியைத் தொலைத்தவன் மாதிரி.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.

பிறகு வெண்ணெய். அதற்குச் சண்டை.
முட்டை எப்போது போனது என்றே தெரியாது:
கேக் உப்பியது,
உப்பியதால் யாரும் கேட்கவில்லை.

பாலுக்கு வந்தபோதுதான்
மேசை இரண்டாகப் பிளந்தது.
'இந்தப் பாலில்தான் உனக்குச் சைக்கிள் வந்தது,
பல்லுக்குக் கம்பி வந்தது,
கூரைக்கு இன்னும் ஒன்பது வருடத் தவணை இருக்கிறது.'
'தெரியும் அப்பா' என்றாள்.
கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஓட்ஸில் பிழிந்தது என்று ஒரு டப்பா வந்தது.
வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிறவன் அல்ல நான்,
கொழுப்பின் அளவை வாசனையிலேயே சொல்வேன்.
காப்பியில் ஊற்றினேன். திரிந்து
சின்னச் சின்ன மேகங்களாய் மிதந்தது.
எனக்கு அப்படியொரு சந்தோஷம்.
அடுத்த வாரம் அவளே கண்டுபிடித்தாள்:
முதலில் அதை ஊற்ற வேண்டும்,
காப்பியை மேலே, மெதுவாக.

ஆறு மாதம் கறுப்புக் காப்பி குடித்தேன்.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.
(எங்கள் வீட்டுப் பூனைக்கு
இதில் எந்தக் குழப்பமும் இல்லை.)

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, ஹில்கெமாவின் பண்ணை.
குழாயை மாட்டிவிட்டால் பதினோரு நிமிடம் வேலையில்லை.
முற்றத்தோரம் வெள்ளைப் பிளாஸ்டிக் குடில்கள்,
ஒன்றுக்கு ஒரு கன்று.
புதிதாய் வந்தவையல்ல.
அவற்றின் எதிரே நின்றுதான்
பத்தொன்பது வருடமாய் ரசீது எழுதுகிறேன்.
அன்றைக்கு ஒன்று கழுத்தை நீட்டி
என் கையுறை விரலைச் சப்பியது.
ரப்பருக்குள் வாயின் வெப்பம் வந்தது.
சொரசொரத்த நாக்கு. அந்த இழுப்பு.
முதுகுக்குப் பின்னால்
பம்பும் இழுத்துக்கொண்டிருந்தது.
பதினோரு நிமிடமும் நான் விரலை எடுக்கவில்லை.

வீட்டில் சொல்லவில்லை.
சொன்னால் யெட்ஸ்கே ஜெயித்ததாகிவிடும்.
அதுகூடப் பரவாயில்லை, அழுதுவிடுவாள்.

கொட்டகையில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது.
சைக்கிள் பம்பைத் தேடப் போனவன் திறந்தேன்:
செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டி சீஸ்,
சீரகம் போட்டது, பாதி தீர்ந்தது.
ஒளித்தவன் நானில்லை.
ஓரத்தில் ஃபோக்யேயின் பல்தடம்,
முன்பல்லுக்கு நடுவில் அந்த இடைவெளியோடு.
இருபத்திரண்டு வருடமாய் நான் காதலிக்கும் இடைவெளி.
சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன்.

இன்று விடிகிறது.
தொழிற்சாலை வாசலில் எனக்கு முன்னால் நான்கு லாரிகள்.
யெட்ஸ்கே கட்டித்தந்த டப்பாவைத் திறக்கிறேன்:
கறுப்பு ரொட்டி, பீட்ரூட் மசியல்,
அதிகமாய்ப் புளித்த வெள்ளரி.
பக்கத்து வண்டி டவ்வே கண்ணாடியை இறக்கி
'என்னய்யா, டாக்டர் சொன்னாரா?' என்கிறான்.
'இல்லை' என்கிறேன் வாய் நிறைய.
மேலே ஏதோ சொல்லத்தான் இருந்தேன்.
அதற்குள் என் முறை வந்துவிட்டது,
பின்னால் பால் ஒருமுறை ஆடி
லாரியை முன்னே தள்ளுகிறது.