தாவு

என் சர்வே ரிப்போர்ட்டில் பதினேழாவது கட்டம்:
விபத்தைத் தவிர்க்க ஓட்டுநர் எடுத்த நடவடிக்கை.
ஒன்பது வருடமாய் நிரப்புகிறேன்.
வலப்புறம் ஒடித்தார். ஹாரன் அடித்தார்.
கைப்பிரேக்கை இழுத்தார். குதித்தார்.
குதித்தவர்கள் கட்டத்தைச் சில நேரம்
அவர்கள் மனைவியிடம் கேட்டு எழுதுவேன்.

தொப்பூர் இறக்கம் மேலிருந்து பார்த்தால் சாது.
டீசல் மிச்சம் பிடிக்க
மேட்டு முனையிலேயே நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார்கள்.
முப்பது டன் இரும்பு சத்தமில்லாமல் வழுக்கும்,
சும்மா இருக்கும் சுகம்.
மூன்றாவது வளைவில் தெரியும்
யார் யாரை ஓட்டுகிறார் என்று.

தருமபுரி புத்தகத் திருவிழாவின் கடைசி நாள்.
பாதி விலைக் குவியலில்
அட்டை மடங்கிய சீனத் தத்துவம் ஒன்று கிடைத்தது.
தாவோ என்று தலைப்பு.
ஒன்றும் செய்யாதிருப்பதைப் பற்றி முந்நூறு பக்கம்.
எனக்குச் சிரிப்பு வந்தது:
இதை எங்கள் ஊரில் நியூட்ரல் என்போம்,
கிரேன் வாடகை மணிக்கு நாலாயிரம்.

ஓசூரில் என் தம்பி கம்பெனியில்
இதையே சனிக்கிழமை வகுப்பாக நடத்தினார்களாம்.
முட்டி மோதாதீர்கள், வழிந்து போகப் பழகுங்கள்.
திங்கட்கிழமை ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரமானது.
வழிந்து போகிறவனை
எந்தக் குடத்திலும் ஊற்றலாம் போல.
புத்தகத்தை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு மறந்தேன்.

பிப்ரவரியில் முனிரத்தினம் கேஸ் வந்தது.
ராயக்கோட்டைத் தக்காளி, நானூறு கிரேட், மதுரைக்கு.
உச்சியிலிருந்தே இரண்டாவது கியர்;
பின்னால் பத்து வண்டி திட்டிக்கொண்டு வந்திருக்கிறது.
பாதி இறக்கத்தில் மிதித்தால் பிரேக் இல்லை.
கியரை மாற்றவில்லை. குதிக்கவில்லை.
இடப்பக்கம் மலையை வெட்டிய மண்சுவர்.
மாடு மரத்தில் முதுகைத் தேய்ப்பதுபோல்
வண்டியை அதில் சாய்த்துத் தேய்த்தபடி வந்திருக்கிறார்,
நூற்றிருபது மீட்டர். டேப் வைத்து அளந்தேன்.
கண்ணாடி, கதவுப்பிடி, பக்கப் பலகை
ஒவ்வொன்றாய் மலை வாங்கிக்கொண்டது.
முன்னால் போன பள்ளிக்கூட வேனுக்கு
பின்னால் என்ன நடந்ததென்றே தெரியாது.

பதினேழாவது கட்டத்துக்கு என்ன போட, என்றேன்.
"ஒண்ணும் பண்ணலீங்க மேடம்.
வண்டிக்கு எந்தத் தாவு நிக்கத் தோணுச்சோ
அந்தத் தாவுல நின்னுக்கிச்சு."

எங்கள் பக்கம் இடத்துக்குப் பெயர் தாவு.
அந்தத் தாவு, இந்தத் தாவு, வெயில் படாத தாவு.
ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன்.
அது வழி என்கிறது; இவர் நின்ற இடத்தைச் சொல்கிறார்.
சீனம் எனக்குத் தெரியாது.

"எதுவும் செய்யவில்லை" என்று அனுப்பினேன்.
சென்னையிலிருந்து திரும்பி வந்தது:
ஓட்டுநரின் அலட்சியம் எனக் கொள்ளலாமா?

மறுபடி போன் போட்டேன்.
கை எங்கே இருந்தது?
"ஸ்டியரிங் மேலதான். புடிக்கல, தொட்டுக்கிட்டிருந்தேன்."
கால்?
"எடுத்துட்டேன். இல்லாத பிரேக்க எதுக்கு மிதிக்கிறது?"

அன்றிரவு இரண்டு மணிக்கு
கோயம்புத்தூரில் படிக்கும் மகள்
கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரத்தை
ஆறாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் வலது கால்
கட்டில் சட்டத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

கட்டத்தில் இப்படி எழுதினேன்:
கியரை விடவில்லை. காலை எடுத்தார். மலையோடு போனார்.
வண்டிக்குப் பணம் வந்தது.
தக்காளிக்கு வரவில்லை, அது வேறு பாலிசி.

ஜூனில் இன்னொரு கேஸுக்காக அங்கே இறங்கினேன்.
மண்சுவர் நெடுக முழங்கால் உயரம் தக்காளிச் செடி,
கோணல் மாணலாய், பூவும் பிஞ்சுமாய்.
ஒரு வெள்ளாடு
அவசரமே இல்லாமல்
மேலிருந்து கீழாக
தின்றுகொண்டு வந்தது.