குறட்டை

அண்ணன் செத்த தந்தி வந்த மறுவருஷம்
ஆஷ்ஹோல்ட் பண்ணைக்கு டோர்கஸ் வந்தாள்.
ஹெரெஃபோர்டுஷயரின் ஆண்கள் எல்லோரும்
பிரான்சின் சேற்றில் இருந்தார்கள்.
பேரிமரங்களைக் கவாத்து செய்யக்
கால்சட்டை போட்ட ஒருத்தியைத்தான்
அனுப்ப முடிந்தது.
ஏணியைத் தானே தூக்கி வந்தாள்.
கைகுலுக்கியபோது என் மோதிரம் நெரிந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.

அண்ணி இஸொபெல் அப்போது
முப்பத்திரண்டு அறைகளில்
ஓர் அறையில் மட்டும் இருந்தாள், கறுப்புடையில்.
மற்ற அறைகளில் மழை இருந்தது.
வாளி, பீங்கான் கிண்ணம், வெள்ளி சூப் பாத்திரம்
என்று ஒழுகலுக்கொன்றாய் வைத்திருந்தோம்.
சொட்டும் சத்தத்தை வைத்து
லெட்டிஸ் அவற்றுக்குப் பெயரிட்டிருந்தாள்.
ஆறு வயது. அப்பா முகம் அவளுக்கு நினைவில்லை,
அவருடைய பைப் மட்டும் ஞாபகமாம்.

முதலில் காட்டிக்கொடுத்தது பூட்ஸ்.
பின்வாசலில் என் அண்ணனுடையது இருந்த இடத்தில்
இரண்டு ஜோடி, ஒரே சேறு,
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.
அண்ணி வெளியே போகிறாள், நல்லதுதான்,
கொஞ்சம் காற்றுப்படட்டும் என்றிருந்தேன்.

பிறகொரு நாள் பழக்கொட்டகையிலிருந்து
அவள் சிரித்தாள்.
எட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம்.
அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.
கதவிடுக்கில் தெரிந்தது இவ்வளவுதான்:
டோர்கஸ் ஒரு பேரிக்காயைக் கடித்துவிட்டு
மீதியை நீட்டுகிறாள்.
அண்ணி கத்தி கேட்கவில்லை. தட்டு கேட்கவில்லை.
கடித்த இடத்திலேயே
கடித்தாள்.

அன்றிரவு பைபிளை மடியில் வைத்திருந்தேன்.
எந்தப் பக்கம் என்று தெரியும்.
திறக்கவில்லை.
கணப்பு அணைந்துகொண்டிருந்தது,
எழுந்து கரி போட்டேன்.

போர் முடிந்து மார்மடூக் வந்தான்,
பெரியப்பாவின் பேரன், ஒரு கையில் அளவு நாடா.
சொத்து ஆண் வழிக்கே என்று
எங்களுக்கும் தெரியும், சுவர்களுக்கும் தெரியும்.
ஜன்னல்களை அளந்தான். கணப்புகளை அளந்தான்.
சாப்பாட்டு மேசையில் எங்களையும்
கண்ணாலேயே ஒருமுறை அளந்தான்.
"நுழைவாயில் குடில் காலிதான்.
உங்கள் மூன்று பேருக்குப் போதும்" என்றான்.

"நாலு" என்றாள் லெட்டிஸ்.

அவன் விரல்விட்டு எண்ணினான்.
டோர்கஸிடம் வந்ததும் விரல் நின்றது.
"இவள் என்ன முறை?"

தோட்டக்காரி என்றிருக்கலாம். அது பொய்யில்லை.
டோர்கஸே அதைச் சொல்ல வாயெடுத்தாள்.
அண்ணியின் கரண்டி கிண்ணத்தில் மெல்ல இடித்தது,
ஒழுகலைப் போல.

"குடும்பம்" என்றேன்,
"உப்பை இப்படித் தள்ளு, மார்மடூக்."

ஏப்ரலில் குடிலுக்கு மாறினோம்.
கீழே ஒரு படுக்கையறை, அகலக் கட்டில்.
மேலே மச்சில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள்,
தலை நிமிர்த்தினால் உத்தரம் இடிக்கும்.
பெட்டிகள் நடுக்கூடத்தில் நின்றன.
யார் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
அண்ணி கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.
டோர்கஸ் வாசலிலேயே நின்று
கூரை ஓடுகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தாள்.

"நான் பயங்கரமாகக் குறட்டை விடுவேன்" என்றேன்.
"லெட்டிஸ் மட்டும்தான் தாங்குவாள்.
அவளும் நானும் மச்சுக்குப் போகிறோம்."

எனக்கு நாற்பத்தோரு வயது.
குறட்டை விடுகிறேனா இல்லையா என்று சொல்லும் தூரத்தில்
இதுவரை யாரும் படுத்ததில்லை.

மழை பெய்தது அன்றிரவு.
ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை.
பழகாத அமைதியில் லெட்டிஸ் கிசுகிசுத்தாள்:
"அத்தை, இன்னும் விடவே இல்லையே?"
"தூங்கினால்தானே விடுவேன். கண்ணை மூடு."

கீழே தாழ்ந்த குரல்கள்.
ஒன்று பேச, மற்றது நிறுத்த,
பலகை இடுக்கு வழியே மேலே வந்தன.
எனக்கானவை அல்ல அவை.
போர்வையை இழுத்துக்கொண்டு
விட ஆரம்பித்தேன்,
முதலில் கூச்சத்தோடு,
பிறகு உத்தரம் அதிர.

கீழே யாரோ சிரித்தார்கள்.
இந்த முறை இருவரும்.