மாதம் நூற்று நாற்பது டாலர்

கணக்கில் அந்த வீடு அழகாயிருந்தது.
கீழ்த்தளம் தொள்ளாயிரம், மேல்தளம் ஆயிரம்.
வங்கித் தவணை, வரி, காப்பீடு
எல்லாம் போக
நூற்று நாற்பது டாலர் மாதாமாதம்
டோரோட்டா ஸாயோன்ச் என்ற என் பெயருக்கு.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன், பஃபலோவில்.
இருபத்திரண்டு வருஷச் சேமிப்பு
ரயில்பாதை ஓரத்துப் பச்சை மரவீடாக ஆனது.
தூங்கும்போதும் சம்பாதிக்கும் சொத்து என்றார் தரகர்.
தூங்கும்போது அது
போன் பண்ணும் என்று சொல்லவில்லை.

ராத்திரி இரண்டு பத்து.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு.
மேல்தளத்தில் ரேடியேட்டர் பச்சைத் தண்ணீராய்க் கிடந்தது.
ராத்திரி என்றால் ஒன்றரை மடங்கு,
ஞாயிறு என்றால் இரண்டு, என்பார் ஜெனாரோ.
அன்று ஞாயிறாகவும் இருந்தது
ராத்திரியாகவும் இருந்தது.

அட்டவணையில் ஒரு கட்டம்:
பழுது, ஐந்து சதவீதம்.
கூரை சதவீதம் படித்ததில்லை.
கீழ்த்தளத்துக்காரர் இரண்டு வருஷமாய்
பன்றிக் கொழுப்பைத் தொட்டியில் ஊற்றிவிட்டு
சாவியைத் தபாலில் அனுப்பினார்.
குழாய் தோண்டி, சாயம் சுரண்டி,
கைப்பிடி இரண்டு அங்குலம் குறைகிறது என்ற
நகராட்சி ஆய்வாளருக்காக
அந்த இரண்டு அங்குலத்தையும் வாங்கி வந்து வைத்து
மூன்று மாதம்.
காலி வீட்டுக்கும் தவணை உண்டு.
நடைபாதையில் பனி அள்ளாததற்கு அபராதம் தனி.
உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்காவது மிஞ்சுமா என்று பார்ப்பான்;
நான் உழக்கையும் விற்றிருந்தேன்.

மேல்தளத்தில் டெனீஸ் ப்ரூவர்.
முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை.
நவம்பரில் பாதி கொடுத்தாள்.
டிசம்பரில் ‘வெள்ளிக்கிழமை’ என்று ஒரு குறுஞ்செய்தி.
வெள்ளிக்கிழமைகளில் இத்தனை ரகம் இருப்பதை
அந்தக் குளிர்காலத்தில்தான் அறிந்தேன்.
அவளுக்கு வேலை மணி குறைத்துவிட்டார்கள்.
தெரியும்.
வங்கி எனக்கு மணி குறைக்கவில்லை.
அதுவும் அவளுக்குத் தெரியும்.

வக்கீல் சொன்னார்:
பதினாலு நாள் நோட்டீஸ்.
கொடுத்த பிறகு முழுப் பாக்கிக்குக் குறைவாக
ஒரு டாலர் வாங்கினாலும்
மறுபடி முதலிலிருந்து.

வியாழன் மாலை படியேறினேன்.
உள்ளே டிவி சத்தம். மணி அடிக்கவில்லை.
கதவில் ஒட்டினேன்.
போன வசந்தத்தில் அடித்த சாயம்
உரிந்துவிடக் கூடாதே என்று
நீல டேப் கொண்டுபோயிருந்தேன்.
இறங்கும்போது அது நினைவு வந்து
நடுப்படியில் கொஞ்சம் நின்றேன்.

வெள்ளி காலை ஏழு ஐந்து.
என் ஒன்பதாவது நிறுத்தம் அந்த முனை.
அமாரி ஏறினான். எட்டு வயது, மூன்றாவது இருக்கை.
எப்போதும் போகிற மாதிரி போகாமல்
என் பக்கத்தில் நின்று
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
ஒரு கவரை நீட்டினான்.
“அம்மா குடுக்கச் சொன்னாங்க.”

மெலிந்த கவர். முழுசு இல்லை,
பிரிக்காமலே தெரிந்தது.
‘நிறுத்து’ என்ற சிவப்புப் பலகை
வெளியே மின்னிக்கொண்டிருந்தது.
இரண்டு பக்கமும் கார்கள் எனக்காக நின்றன.
வாங்கினால்
பதினாலு நாளும் செத்துப்போகும்.
வாங்காவிட்டால்
கணக்குப் பாடத்திலும் சாப்பாட்டு வரிசையிலும்
இந்தப் பையன் அதைச் சுமந்து திரிவான்.
திரும்பி வரும்போது
அவன் பையில் இல்லாமலும் போகலாம்.

பின்னால் யாரோ யாரையோ கிள்ளி
யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

“உட்காரு,” என்றேன்.
கவரைச் சூரியமறைப்பில் செருகினேன்,
ஓட்டுநர் உரிமத்தின் பக்கத்தில்.
பிற்பாடு டிப்போவில் எண்ணினேன்:
நானூற்று முப்பது. சில நோட்டுகள் ஈரம்.

ஆனால் அதற்கு முன்,
கதவு மூடி, பலகை மடங்கி,
வண்டி நகர்ந்த பிறகு
மூன்றாவது இருக்கையிலிருந்து குரல் வந்தது.
“ரேடியேட்டர் மறுபடியும் தட்டுது.
யாரோ உள்ளே இருக்கிற மாதிரி.”
புகார் மாதிரி இல்லை. செய்தி மாதிரி.

கண்ணாடியில் அவனைப் பார்த்தேன்.
ஜெனாரோவை மத்தியானம் கூப்பிட வேண்டும்.
வெள்ளி மத்தியானம் என்றால்
ஒரு மடங்குதான்.